இடது கை வாங்கிய தட்டு

வெள்ளப்பாறைப்பட்டியில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையை எளையவர் பக்கம் நின்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் எளையவருக்குப் பேச வராது, பேச வராதவர் மேல் ஊருக்கு எப்போதும் ஒரு தனிப் பிரியம். என் பக்கம் நின்று சொல்ல என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை, அதனால் நானே சொல்கிறேன். எளையவர் என்று ஊர் மரியாதையோடு கூப்பிடுவது என் தம்பியை அல்ல, எனக்குத் தம்பி கிடையாது, என் உடம்பின் இடது பாதியைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். வலது பாதியாகிய எனக்கு மூத்தவர் என்று பெயர். பிறந்தபோது வைத்த சங்கிலி என்ற பெயர் இப்போது குடும்ப அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒச்சப்பனும் இளவட்டமாக இருந்த காலத்தில் கிணறு வெட்டப் போனவர்கள். நான் உள்ளே இறங்குவேன், அவன் மேலே கயிறு பிடிப்பான். அவன் தங்கச்சி வீராயியைத்தான் நான் கட்டியிருந்தேன், அதனால் அந்தக் கயிற்றை நான் ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லை, சொந்த மச்சான் பிடிக்கிற கயிற்றை எவன் இழுத்துப் பார்ப்பான். ஒரு மத்தியானம் வேலை முடிந்து பாதி தூரம் மேலே வந்திருந்தபோது கயிறு விட்டுப்போய்க் கீழே வந்தது, கயிற்றோடு நானும் வந்தேன், பாறையில் என் வலது இடுப்பு முதலில் பட்டது. கை வழுக்கிவிட்டது என்று அவன் சொன்னான். நான் அண்ணாந்து பார்த்தேன், கிணற்றின் வாயில் அவன் முகம் தெரிந்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒச்சப்பன் சிரித்தான், ஒச்சப்பன் சிரித்தான் என்று அந்த வார்த்தையை நான் கட்டிலில் கிடந்த நாளெல்லாம் சொல்லிச் சொல்லி உறுதியாக்கிக்கொண்டேன். எழுந்து நொண்டி நடக்க ஆரம்பித்ததும், அவன் என் வாசல் மிதிக்கக் கூடாது, நான் அவன் வாசல் மிதிக்க மாட்டேன், பெண் கொடுப்பதோ எடுப்பதோ இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இனி இல்லை என்று ஊர் நடுவில் நின்று சொன்னேன். வீராயி செத்தபோது பிறந்த வீட்டுக் கோடித் துணியை அவன் கொண்டுவந்தான், நான் வாங்கவில்லை. தெருமுனையில் துணியோடு நின்றான், நிற்கட்டும் என்று விட்டேன். எனக்கென்று இருந்தவை ஒரு டீக்கடையும் பாண்டிமீனா என்ற ஒரு மகளும் இந்தப் பகையும்தான். இந்தப் பகை போய்விட்டால் கிணற்றில் விழுந்தவன் வெறுமனே விழுந்தவன் ஆகிவிடுவான், அதை என்னால் தாங்க முடியாது.

அப்படி இருக்கையில் ஒரு பங்குனி மாதக் காலையில், கடையைத் திறந்து பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது, உச்சந்தலைக்குள் பூக் கட்டுகிற நார் அறுந்த மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வலி இல்லை. நெற்றியிலிருந்து மூக்கு, தாடை, நெஞ்சு, தொப்புள் என்று வகிடு எடுத்தாற்போல ஒரு மெல்லிய கோடு இறங்கிற்று, வெயில் வந்ததும் பார்த்தால் எனக்குப் பின்னால் இரண்டு நிழல் விழுந்திருந்தது, ஒன்று நொண்டுகிற நிழல், மற்றது நொண்டாத நிழல்.

முதல் வாடிக்கை வந்தது. "என்ன மாமா, நெத்தியில கோடு?"

"தெரியல."

"ரெண்டு நெழலு விழுகுது."

"அதுவும் தெரியல."

"சரி, ஒரு டீ போடுங்க. சீனி கம்மியா."

அவ்வளவுதான் ஊர் அன்று ஆச்சரியப்பட்டது.

டவுனுக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா என் இடது காதுப் பக்கம் ஒரு தடவை, வலது காதுப் பக்கம் ஒரு தடவை கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிற்று.

"ஐயா, தலைக்குள்ள மூளை ரெண்டு பாதியா இருக்கும். இடப்பக்கத்துப் பாதி வலது கையையும் வலது காலையும் பாத்துக்கும், வலப்பக்கத்துப் பாதி இடது கையையும் இடது காலையும். பேசுறது, எழுதுறது, ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்றது, இதெல்லாம் பெரும்பாலும் ஒரு பாதியோட வேலை. ஆள் முகத்த அடையாளம் காங்கிறது, வழி தெரியிறது, ராகம், எதிர்ல நிக்கிறவுங்க மனசுல என்ன ஓடுதுன்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிக்கிறது, இதுல இன்னொரு பாதி கெட்டி. ரெண்டுக்கும் நடுவுல நரம்பாலயே ஒரு பாலம் இருக்கு, அது வழியாத்தான் ரெண்டும் ஓயாம ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கும். உங்களுக்கு அந்தப் பாலம் விட்டுப்போச்சு."

"திருப்பிக் கட்ட முடியாதாம்மா?"

"முடியாது. ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லி, ஒரு மாத்திரையை என் வலது கையிலும் ஒரு மாத்திரையை இடது கையிலும் கொடுத்தது. ரெண்டு பேரும் என்று முதலில் சொன்னது அந்த அம்மாதான், ஊர் அல்ல; ஆனால் ஊர் அதை உடனே பிடித்துக்கொண்டது.

டீ ஆற்றுவதற்கு இரண்டு கை வேண்டும், வலது கை குவளையை உயரத் தூக்கி ஊற்ற வேண்டும், இடது கை கிளாஸைக் கீழே இறக்கிப் பிடிக்க வேண்டும், ஒன்று எவ்வளவு ஏறுகிறதோ மற்றது அவ்வளவு இறங்க வேண்டும், நடுவில் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. பிரிந்த பிறகும் அந்த ஒரு வேலையில் மட்டும் நாங்கள் பிசகவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆற்றி முடித்ததும் கிளாஸை என் கைக்கு மாற்றாமல் அந்த இடது கை தானே நீட்டிற்று. எங்கள் ஊரில் இடது கையால் ஒரு பொருளைக் கொடுத்தால் வாங்குகிறவரை மிதிக்கிற மாதிரி. கொடுத்தவன் வேண்டாதவன், வாங்கியவன் மானம் கெட்டவன். முதல் நாள் ஒரு பெரியவர் எழுந்தேவிட்டார்.

"என்னப்பா சங்கிலி, பீச்சாங்கையில குடுக்குற? நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?"

கருப்பசாமி கோவிலில் பூசை பார்க்கிற மூக்கன் பூசாரி அப்போது பெஞ்சில் இருந்தார். ஊர் வழக்கத்தில் எது சரி, எது குற்றம் என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். என் நெற்றிக் கோட்டைப் பார்த்தார், இரண்டு நிழலையும் பார்த்தார், கையிலிருந்த வடையை முழுசாகத் தின்றுவிட்டுச் சொன்னார்.

"இங்க ரெண்டு பேரு நிக்கிறாக. இந்தப் பக்கத்து ஆளுக்கு இருக்கிறதே ஒரு கைதான். ஒத்தக்கை ஆளு அந்தக் கையிலதான குடுப்பாரு? அதுல என்ன குத்தம்? வாங்கிக் குடிங்க."

அன்றோடு அது தீர்ந்தது. நாற்பது ஊர் கூடிப் பேசினாலும் தீராத வழக்கத்தை ஒரு வடை தின்கிற நேரத்தில் தீர்த்துவிட்டார்கள், எனக்காக எதையாவது இவ்வளவு சீக்கிரம் தீர்த்தார்களா. பிறகு எளையவர் என்ற பெயர் வந்தது, ஏனென்றால் இடது பக்கத்து மீசை மாதத்துக்கு மாதம் கறுத்துக்கொண்டு வந்தது, வலது பக்கம் வெள்ளையாகவே நின்றது. முடி வெட்டுகிறவர் அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒரு துண்டு போர்த்தினார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வெற்றிலையை அந்தக் கையில் முதலில் வைத்துவிட்டு, பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மூத்தவரும் வந்துருங்க" என்றார்கள். உள்ளாட்சித் தேர்தலில் நான் வலது கையால் அழுத்தி முத்திரை குத்தினேன், மை வைத்தது இடது கை விரலில். வெளியே நின்ற கட்சிக்காரர்கள் எல்லாம் எளையவர் ஓட்டுப் போட்டுவிட்டார் என்று அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் என் இரண்டு நிழலுக்கும் நடுவில் இருக்கிற வெயிலில் பாண்டி விளையாடின.

எனக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு முகங்கள் போய்விட்டன. ஒருவர் எதிரே வந்தால் மூக்கு தெரியும், கண் தெரியும், மீசை தெரியும், எல்லாவற்றையும் கூட்டினால் யார் என்று வராது. வாய் திறந்து பேசினால்தான் ஆள் பிடிபடும். அதற்கு நேர்மாறாக எளையவருக்கு ஊரில் எல்லோரையும் தெரிந்தது, ஒருவர் பெயரும் தெரியவில்லை. வேண்டியவர் வந்தால் இடது முழங்கால் ஆடும், துக்கத்தில் இருக்கிறவர் வந்தால் அந்தக் கை சொல்லாமலே இஞ்சி தட்டிப் போடும், நான் பேசாமல் இருக்கிற நேரத்தில் வாயின் இடது ஓரம் கிணற்று வேலைப் பாட்டை முனகும். எளையவர் போட்ட டீ என்று கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்கள். ஊற்றியது நான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இனிமேல் வருகிறது.

கடைக்கு எதிரே ரோட்டில் யாரோ ஒருவர் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார், ஒரு வார்த்தை பேச மாட்டார், அதனால் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் போகும்போது இடது கை மேலே எழுந்து ஆடும்.

"கை எதுக்கு ஆடுது மூத்தவரே?" என்று பெஞ்சிலிருந்து கேட்பார்கள்.

"ஈ."

"பெரிய ஈயா இருக்குமோ? சைக்கிள் தள்ளுற ஈ."

சிரிப்பார்கள். அந்தச் சைக்கிள்காரன் ஒச்சப்பன் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, பல மாதம் சொல்லவில்லை, ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொண்டது.

நடப்பதற்கு இரண்டு காலும் வேண்டும் என்பதால் அதில் எங்களுக்குள் ஒரு உடன்பாடு இருந்தது, ஆனால் நான் பேச ஆரம்பித்தால் என் கவனம் முழுக்கப் பேச்சில் போய்விடும், வழியை எளையவர் எடுத்துக்கொள்வார். ஒரு நாள் சந்தைக்குக் கிளம்பி, கூட வந்த ஒருவரிடம் ஒச்சப்பன் எனக்குச் செய்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தேன், கயிற்றைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன், சொல்லி முடித்து நிமிர்ந்தால் ஒச்சப்பன் வீட்டு வாசலில் நிற்கிறேன், இடது கால் படியின் மேல் இருக்கிறது. குறுக்கு வழி என்று சொன்னேன். கூட வந்தவர் சந்தை அந்தப் பக்கம் என்று கை காட்டினார்.

அதற்குப் பிறகுதான் அந்த டீ. ஒரு மழைநாள் முற்பகலில் கடையில் ஒரே ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். இடது முழங்கால் ஆடிற்று. சரி, யாரோ வேண்டியவர் என்று நினைத்து நானும் பேச்சுக் கொடுத்தேன், பேச்சு எங்கே போகும், ஒச்சப்பனிடம்தான் போகும்.

"துரோகம்னா அவன்கிட்டப் படிக்கணும்" என்றேன். "தங்கச்சியக் குடுத்தான், கயித்த விட்டான். நான் கீழ கெடந்து பாக்குறேன், அவன் மேல நின்னு சிரிக்கிறான். இன்னைக்கு என் எதுக்க வரட்டும், இந்தக் கொதிக்கிற பாலைத் தூக்கி மூஞ்சியிலயே ஊத்துவேன்."

நான் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே டீ ஆற்றியாயிற்று, இஞ்சி விழுந்தது, எளையவர் கிளாஸின் அடியைத் துடைத்து அந்த ஆள் கையில் வைத்தார். வந்தவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"நல்லாருக்கு மச்சான்" என்றார்.

அந்தக் குரல். எனக்கு மேலெல்லாம் எரிந்தது. பாலைத் தூக்க வலது கை போயிற்று, பாத்திரத்தின் மறு காதை இடது கை பிடித்துக்கொண்டு விடவில்லை. அதற்குள் அவன் மழையில் இறங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். பாண்டிமீனா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், வாய் கொஞ்சம் கூடத்தான். அப்போது அவள் எளையவர் பக்கத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கத்துக்கு அவசரமாக ஒரு தடவல்.

"பாத்தியாடி, என் கையே எனக்குத் துரோகம் பண்ணுது."

"நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க. நான் அப்பாகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். வாயின் இடது ஓரம் அவளுக்காக முனகியது, அவள் ஏதோ புரிந்த மாதிரித் தலையாட்டினாள். ஒச்சப்பன் மகன் ராஜபிரபு அவளுக்கு மாமன் மகன், முறைமாப்பிள்ளை. அவனும் அவளும் பஸ்ஸில் ஒன்றாக வந்துபோவதும், அவன் பெயர் வந்தால் அவள் முகம் மாறுவதும் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எளையவருக்கு ஆதியிலிருந்தே தெரிந்திருக்கிறது. முகத்தைப் படிக்கிற வேலை என்னிடம் இல்லையே, என்னிடம் வாயால் ஒருவர் சொன்னால்தானே எனக்குத் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் வைகாசியில் ஒரு முற்பகல் மூக்கன் பூசாரி ஒரு கூட்டத்தோடு வாசலுக்கு வந்தார். கையில் தாம்பூலத் தட்டு, வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ, மேலே ஒரு சேலை. தட்டைக் கொடுத்தனுப்பியவர் வாசலுக்கு வரவில்லை, நான் போட்ட கட்டுப்பாட்டின்படி தெருமுனையிலேயே நின்றார் என்றார்கள். யாரோ நிற்பது எனக்குத் தெரிந்தது.

"மூத்தவரே, ஒச்சப்பன் மகனுக்கு ஒங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கோம். மொறதான். பழசையெல்லாம் விட்டுருங்க."

நான் எழுந்து நின்றேன். அன்று நான் பேசிய பேச்சை இப்போதும் வரி தவறாமல் சொல்வேன், இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்குப் போகாது என்றேன், கயிற்றை விட்டவன் கையில் என் ரத்தத்தைக் கொடுக்க மாட்டேன் என்றேன், என் இடுப்பு எலும்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்ணைக் கேட்கச் சொல் என்றேன், காரணத்துக்கு மேல் காரணம் அடுக்கினேன், ஒரு காரணத்துக்கும் எவனும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள், நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பேச்சை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, அவர்கள் என்னைக் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு பூசாரியிடம் இல்லை. என் நெஞ்சின் இடது பக்கத்தில் இருந்தது, பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி அந்தக் கை அதை அணைத்திருந்தது, இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா வாங்கிட்டாரு" என்றாள் பாண்டிமீனா.

"நான் வாங்கலடி!"

"நீங்க வாங்கலதான். யாரு வாங்குனதாச் சொன்னா?"

வலது கையால் தட்டைப் பிடித்து இழுத்தேன், இடது கை விடவில்லை, வெற்றிலை சரிந்தது, தேங்காய் உருண்டு ஓடிற்று, ஒரு மனுசன் தன் கையோடு தானே மல்லுக்கட்டுவதை ஊரே நின்று பார்த்தது. எனக்கு மூச்சு வாங்கிற்று. அதற்கு வாங்கவில்லை.

எங்கள் ஊரில் தாம்பூலத் தட்டை வாங்கினால் வாங்கியதுதான், திருப்பிக் கொடுத்தால் அந்தப் பெண்ணை வேறு எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் வாய் வேண்டாம் என்று சொல்லி, கை வாங்கிய தட்டு இதுவரை இல்லை. அன்று சாயங்காலம் கடையிலேயே கூட்டம் போட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், எனக்கு இடது பக்கம் மட்டும் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

பூசாரி என்னைக் கேட்கவில்லை, கோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார். "எளையவரே, அந்தக் கெணத்துக்குள்ள நீங்களும்தான் விழுந்தீங்க. பெறகு எப்பிடி வாங்குனீங்க?"

"அதுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அடிபட்டது வலது இடுப்பு. வலிச்சது எனக்கு. அது சொகமா மேல கெடந்துச்சு."

எளையவர் குனிந்து பாய்லருக்கு அடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். சிமெண்டுத் தரையில் ஒரு பெரிய வட்டம் போட்டார். வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு தலை, இரண்டு கண், கண்ணுக்குக் கீழே கோடுகள், திறந்த வாய், பக்கத்தில் விரல் விரித்த இரண்டு கை. கரியை வைத்துவிட்டு அந்தக் கை முழங்கால் மேல் அமர்ந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீகளா, நான் இத்தன வருசமாச் சொன்னேன்ல, சிரிக்கிறான் பாருங்க!"

"மூத்தவரே" என்றார் பூசாரி மெதுவாக, "அழுகுறாரு."

"வாய் தொறந்திருக்கா இல்லையா?"

"தொறந்திருக்கு."

"பல்லுத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"அப்ப என்ன? சிரிப்புத்தான்."

"கத்துறாருய்யா. மச்சான்னு கத்துறாரு."

"படத்துல சத்தம் கேக்குமா? உமக்குக் காது அம்புட்டு நல்லாருக்கா?"

"கண்ணுக்குக் கீழ கோடு போட்டிருக்காருல்ல, அது என்னவாம்?"

"கெணத்துல கசிவு" என்றேன். "எல்லாக் கெணத்துலயும் கசிவு இருக்கும். நான் வெட்டுனவன், எனக்குத் தெரியும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள். நான் மகளைப் பார்த்தேன், அவள் சேலை நிறத்தை வைத்துத்தான் அவள் என்று கண்டுபிடித்தேன். "இது நெசம்னா இத்தன வருசமா ஏன் சொல்லல? எனக்குள்ளயேதான இருந்துச்சு. பாலமும் இருந்துச்சு. அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லித்தான் இருப்பாரு" என்றாள். "நீங்க பேசிக்கிட்டே இருந்திருப்பீங்க."

பூசாரி தீர்ப்புச் சொன்னார். வேண்டாம் என்றது வாய், வாங்கியது கை. தட்டு என்பது கையால் வாங்குகிற பொருள், வாயால் வாங்குகிற பொருள் அல்ல. ஆகையால் தட்டு வாங்கப்பட்டது. எல்லோரும் எழுந்தார்கள். தரையில் இருந்த படத்தை மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போனார்கள், நான் ஒருவன்தான் அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், வலது கையால் மட்டும் கழுவினேன்.

கல்யாணத்தன்று போக மாட்டேன் என்று கடைத் தூணை வலது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். இடது கால் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. கல்யாணச் சேலையோடு பாண்டிமீனா வேனிலிருந்து இறங்கி வந்தாள், முதலில் இடது காலைத் தொட்டுக் கும்பிட்டாள், பிறகு சுற்றி என் பக்கம் வந்து நின்றாள்.

"நீங்களும் வாங்க."

"எதுக்கு? உங்க அப்பாதான் வர்றாருல்ல?"

"வந்து திட்டவாச்சும் செய்யுங்க. ஒரு பேச்சும் இல்லாம நல்லாவா இருக்கும்?"

ஒரு காலால் வேனில் ஏற முடியாது, அதனால் நானும் ஏறினேன். அதைச் சம்மதம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

மண்டப வாசலில் சம்பந்தியை எதிர்கொண்டு அழைக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் கையெடுத்துக் கும்பிட வேண்டும், மாப்பிள்ளையைப் பெற்றவன் கையெடுத்துக் கும்பிட வேண்டும், அதன் பிறகுதான் இரண்டு வீடும் உள்ளே நுழையலாம். மேளம் நின்று காத்திருந்தது. எதிரே ஒரு ஆள் வந்து நின்றார், மூக்கு தெரிந்தது, கண் தெரிந்தது, வெள்ளைச் சட்டை தெரிந்தது. எளையவர் முழங்கால் ஆடியதிலிருந்து ஒச்சப்பன் என்று வைத்துக்கொண்டேன்.

இடது கை எழுந்தது. நெஞ்சுக்கு நேரே வந்து, உள்ளங்கையை வலது பக்கம் திருப்பி, விரல்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றது, பாதிக் கும்பிடு, மறு பாதிக்காகக் காத்திருந்தது. என் வலது கை வேட்டி மடிப்பை இறுக்கிப் பிடித்தது. ஊர் என் வலது கையைப் பார்த்தது. பாண்டிமீனா பார்த்தாள், மாலைக்குள்ளிருந்து அவள் என்ன முகத்தோடு பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வேலையை நான் வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு கை எழுந்தால் அத்தனை வருஷமும் போயிற்று, கயிறு போயிற்று, சிரிப்பு போயிற்று, எழாவிட்டால் ஒருவரும் உள்ளே போக முடியாது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இந்த இடத்தில் நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, பிரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக எல்லோரும் என்னைத்தான் நம்பி நின்றார்கள்.

ஒச்சப்பன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். என் பக்கத்தில் தோளோடு தோள் நின்றான், தன் வலது கையைத் தூக்கினான், காத்திருந்த அந்த இடது உள்ளங்கையில் தன் உள்ளங்கையைப் பொருத்தினான்.

விரலுக்கு விரல் சரியாக இருந்தது. முழுக் கும்பிடு. மேளம் எடுத்துக்கொண்டது, "கும்பிட்டாச்சு, கும்பிட்டாச்சு, உள்ள வாங்க" என்று பூசாரி சத்தம் போட்டார், என் இரு பக்கமும் ஆட்கள் உள்ளே போனார்கள், நான் கும்பிடவில்லை என்று சொன்னேன், நான் கும்பிடவில்லை என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன், மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. என் நெஞ்சுக்கு நேரேதான் அந்த இரண்டு கையும் கூடி நின்றன. இரண்டில் ஒன்றும் என்னுடையது இல்லை.